ஷர்லி இழுத்து வந்த படகுகள்

ஷர்லியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அவள்மேல் இல்லை. என்மேல், எங்கள் ஆபீஸ்மேல், எங்கேயோ குளிர் நாட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கிற மகராசர்கள்மேல். யார்மேல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷர்லிக்கு முப்பத்தொரு வயது. ஜெகதாப்பட்டினத்துப் பெண். அப்பா கிடையாது. அம்மாவும், நாலு வயது இளையவனான தம்பி ஜெபக்குமாரும்தான் குடும்பம். ஜெபக்குமார் விசைப்படகில் வலை இழுத்தவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் போன படகு எல்லை தாண்டியதென்று அக்கரையில் இலங்கைக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். நாற்பத்தாறு நாள் ஜெயிலில் இருந்தான். படகு போனது போனதுதான். ஆட்களை மட்டும் விட்டார்கள், அதுவும் ஒரு நிபந்தனையோடு. தண்டனையை ஐந்து வருஷத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம், அதற்குள் மறுபடி பிடிபட்டால் பழைய தண்டனையையும் புதியதையும் சேர்த்து அனுபவிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

கடலுக்குப் போனாலும் எல்லை தாண்டாமல் இருக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன். "அங்க என்ன வேலியா போட்டிருக்கு டீச்சர்?" என்றாள் ஷர்லி. படகு எதுவரை போக வேண்டும் என்பதை ஓட்டுகிற டிரைவர் முடிவு செய்கிறார். வலையைப் போட்ட பிறகு நீரோட்டம் முடிவு செய்கிறது. வலை இழுக்கிற ஜெபக்குமாரை யாரும் கேட்பதில்லை.

ஆகவே அவன் திரும்பி வந்த அன்றைக்கே அக்காவும் தம்பியும் ஒரு பேச்சுப் பேசிக்கொண்டார்கள். ஐந்து வருஷம் முடிகிறவரை அவன் படகில் கால் வைக்கக் கூடாது. ஐஸ் கம்பெனியில் கிடைக்கிற கூலிக்கு ஐஸ் உடைக்கட்டும், மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள். "ஒனக்கு வேலை இருக்குற வரைக்கும் நான் கரையில இருக்கேன். அது போச்சுன்னா என்னையத் தடுக்கக் கூடாது" என்று அவனும் சொல்லிவிட்டான். அந்த வேலைதான் எங்கள் ஆபீஸில் அவள் பார்த்த வேலை. அது இருந்தால் தம்பி கரையில், இல்லாவிட்டால் கடலில். இரண்டு வருஷமாக அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியது இதற்காகத்தான்.

ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடி. ஆறு பேர், எட்டு கம்ப்யூட்டர், ஓடும்போதெல்லாம் கத்துகிற ஒரு ஏசி. முதலாளி விக்ரம், பெங்களூரில் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியவர். வெளிநாட்டுக் கம்பெனிகள் தயாரிக்கிற விளையாட்டுகளை, அவை வெளிவரும் முன் விளையாடிப் பார்த்து, எங்கே பிழை இருக்கிறதென்று எழுதிக் கொடுப்பதும், அதில் வருகிற வாசகங்களைத் தமிழில் எழுதுவதும் எங்கள் வேலை. ஷர்லி விளையாடுவாள், எழுதுவாள். நான் திருத்துவேன். என் பெயர் திலகவதி. இருபது வருஷம் தனியார் பள்ளியில் சரித்திரம் நடத்திவிட்டு, தலைமை ஆசிரியரோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தவள். வாயைக் கட்டிக்கொண்டு இருக்கத் தெரியாத பொம்பளை என்று தெரிந்தேதான் விக்ரம் என்னை எடுத்துக்கொண்டார்.

போன வருஷம் ஒரு சரித்திர விளையாட்டு வந்தது. ஆயிரத்து முந்நூறாம் ஆண்டில் தொடங்கும். நீங்கள் ஒரு ராஜா. உங்கள் நாட்டை ஐந்நூறு வருஷத்துக்கு அழியாமல் கொண்டுபோக வேண்டும். உலகத்தில் எந்த நாட்டையும் எடுத்துக்கொள்ளலாம். எங்களுக்குக் கொடுத்தது தமிழ்நாட்டுக் கடற்கரை.

வரைபடத்தைத் திறந்ததும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நமக்கும் இலங்கைக்கும் நடுவே கடலில் ஒரு கோடு! அட கருமமே, அந்தக் கோட்டை இரண்டு சர்க்கார்களும் உட்கார்ந்து பேசிப் போட்டது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில். இவர்கள் அதைத் தூக்கி அறுநூற்றுச் சொச்சம் வருஷம் முன்னால் வைத்திருக்கிறார்கள்.

"தம்பி, இங்கிட்டு வாங்க" என்று விக்ரமைக் கூப்பிட்டேன். "தாத்தனுக்குக் கல்யாணம் ஆகுறதுக்கு முன்னாடியே பேரன் பேர்ல ரேஷன் கார்டு போட்டிருக்கானுங்க, பாருங்க."

அவர் சிரித்தார். ஆனாலும் நல்ல மனுஷர், என் ஆட்சேபத்தை எழுதி அனுப்பினார். நான்கு நாள் கழித்து பதில் வந்தது. இன்றைய வரைபடத்தின்மேல் வைத்துத்தான் பழைய வரைபடத்தை வரைந்தார்களாம். எல்லை இல்லாமல் விளையாட்டு நடக்காதாம். கடலில் யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று ஒன்று இருந்தால் கம்ப்யூட்டர் குழம்பிவிடுமாம்.

அதோடு நான் விட்டேனா? என் ஊர் வல்லத்திராக்கோட்டைப் பக்கம் தேடினேன். 'காலி நிலம், யார் வேண்டுமானாலும் கைப்பற்றலாம்' என்று இருந்தது. ஒரு ராஜாவின் கொடி பறக்காத இடத்தில் மனிதர்களே கிடையாது என்பது அவர்கள் கணக்கு. கண்மாய் வெட்டினால் ஒரு புள்ளிகூடக் கிடையாது, கோட்டை கட்டினால் பன்னிரண்டு. சித்தன்னவாசல் மலை இருக்கிற இடத்தில் ஒரு சம்மட்டிப் படம் போட்டிருந்தார்கள், அதாவது அங்கே கல் உடைக்கலாம். அந்தக் குகையில் ஓவியம் தீட்டி அப்போதே நானூறு வருஷம் ஆகியிருக்கும். அண்டை அயலோடு வம்பில்லாமல் ஐம்பது வருஷம் ஓட்டினால் 'உங்கள் நாடு தேங்கிவிட்டது' என்று திரையில் திட்டு விழும். பக்கத்து ஊரைப் பிடித்தால் மேளம் கொட்டும்.

"மேடம், அது வெறும் கேம்" என்றார் விக்ரம்.

வெறும் கேமாம். நான் இருபது வருஷம் பரீட்சைத் தாள் தயாரித்தவள். எந்தக் கேள்விக்கு எத்தனை மார்க் என்று போட்டுவிட்டால் போதும், பிள்ளைகள் எதைப் படிப்பார்கள், எதைத் தொடவே மாட்டார்கள் என்பது அங்கேயே முடிந்துவிடும். கண்மாய்க்கு மார்க் கிடையாது என்றால் யார் கண்மாய் வெட்டுவான்? இதைச் சொன்னேன். விக்ரம் கத்துகிற ஏசியைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார்.

ஷர்லி இந்தச் சண்டையில் எல்லாம் கலந்துகொள்ள மாட்டாள். "மெதுவா டீச்சர், பிரஷர் ஏறப்போகுது" என்பாள், அவ்வளவுதான். அவளுக்குக் கவலைப்பட வேறு விஷயம் இருந்தது. அவர்கள் ஊர் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி மூன்று நாளும் மீன்துறையில் அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு காலையில் கிளம்பும், மறுநாள் காலையில் கரை திரும்பும். அந்த மூன்று நாளும் பத்து மணி அடித்ததும் ஐஸ் கம்பெனிக்குப் போன் போடுவாள். "சாப்டியாடா?" என்று கேட்பாள். அவன் என்ன சாப்பிட்டான் என்பது அவளுக்கு முக்கியமில்லை. பின்னால் ஐஸ் உடைக்கிற மெஷின் ஓடுகிற சத்தம் கேட்க வேண்டும். கேட்டதும் முகம் தெளிந்து வேலையைப் பார்ப்பாள்.

அவளும் தன் பங்குக்கு ஒரு முழு ஆட்டம் ஆட வேண்டியிருந்தது. கடற்கரையில் ஒரு சின்ன நாட்டை எடுத்துக்கொண்டாள். படை கட்டவில்லை, யார்மேலும் பாயவில்லை. ஆட்டத்தில் அவ்வப்போது புயல் வரும். புயலில் வேறு நாட்டுப் படகுகள் பாய்மரம் முறிந்து மிதந்துகொண்டிருக்கும். அவர்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, என்ஜின் நின்றுபோய் ஒரு படகு கிடந்தால், அது எந்த ஊர், என்ன சண்டை என்று பார்க்க மாட்டார்கள். கயிறு போட்டுக் கட்டி இழுத்துக் கரை சேர்த்துவிட்டுத்தான் மறு பேச்சு. ஷர்லியும் அதையே செய்தாள். கயிறு போட என்று விளையாட்டில் தனி பட்டன் கிடையாது. 'துறைமுகத்துக்குக் கொண்டு வா' என்று ஒரு கட்டளை இருந்தது. மிதக்கிற படகையெல்லாம் அதை அழுத்தி இழுத்து வந்தாள்.

ஒவ்வொரு படகுக்கும் அவள் நாட்டின் புகழ் ஐந்து ஐந்தாக ஏறியது. "டீச்சர், இங்க பாருங்களேன்!" என்று ஒரு நாள் கூவினாள். அவள் அப்படிச் சத்தமாகப் பேசி நான் பார்த்ததில்லை. "காப்பாத்துனா பாயிண்ட் தருது டீச்சர். நீங்க சும்மா வையுறீங்க. நல்ல கேமுதான் இது."

ஆட்டம் முடிந்தபோது எங்கள் ஆபீஸிலேயே அவள் புள்ளிதான் அதிகம். ஒரு சண்டை போடாமல் ஜெயித்துவிட்டாளே என்று எனக்கே ஆச்சரியம். எப்படி என்று பார்க்கலாம் என்று கடைசிப் பட்டியலைத் திறந்தேன். 'சிறைபிடித்த படகுகள்: இருநூற்றுப் பன்னிரண்டு' என்று இருந்தது. அதற்குக் கீழே, 'படகுகள் உடைக்கப்பட்டு மரமாகக் கிடங்கில் சேர்க்கப்பட்டன. ஆட்கள் சிறையில்.'

அவள் என் தோளுக்கு மேலாகப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். "நான் பிடிக்கலையே டீச்சர்" என்றாள். "கரையில விட்டதும் அதுக பாட்டுக்குப் போயிரும்னுல்ல நெனச்சேன்."

ஐயோ, அந்த முகத்தை நான் எப்படிச் சொல்ல? தம்பி போன படகை அக்கரையில் உடைத்துப் போட்டதை யாரோ போனில் படம் எடுத்து அனுப்பி, அதை இவள் பார்த்திருக்கிறாள். இப்போது இவளே இருநூற்றுப் பன்னிரண்டு படகை உடைத்திருக்கிறாள், அதுவும் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு.

அன்றைக்கே 'இது பிழை' என்று எழுதி அனுப்பினாள். காப்பாற்றிய படகைத் திருப்பி அனுப்ப வழி வேண்டும் என்று விவரமாக எழுதினாள். நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

பதில் வந்தது பாருங்கள்! பாராட்டாம். இப்படி ஒரு தந்திரத்தை இதுவரை யாரும் யோசித்ததில்லையாம். போர் செய்யாமல் புயலை வைத்தே எதிரிப் படகுகளைப் பிடித்துப் புகழ் சேர்த்த அந்த ஆட்டம் அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். அதனால் இனிமேல் அதைத் தனியாகவே ஒரு வசதியாக வைக்கப்போகிறார்களாம். 'கரையோரக் காவல்' என்று பெயர். ஒரு தரம் போட்டுவிட்டால், கோட்டைத் தாண்டி வருகிற எந்தப் படகையும் விளையாடுகிறவர் கை வைக்காமலே கம்ப்யூட்டர் தானாகப் பிடித்துக்கொள்ளும். நன்றி சொல்கிற பட்டியலில் ஷர்லியின் பெயரும் வருமாம். அதற்கான தமிழ் வாசகத்தை அவளே எழுதி, விளையாடிப் பார்த்துச் சரியாக இருக்கிறதென்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

திருப்பி அனுப்ப வழி கேட்டதற்கு ஒரே வரிதான் பதில்: அதில் விளையாடுகிறவருக்கு லாபம் எதுவும் இல்லை.

அந்த வாரம் முழுக்க ஷர்லி சரியாகச் சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸைத் திறப்பாள், மூடுவாள். "எழுதுனா எங்க தம்பிய நானே கோட்டைத் தாண்டுன திருடன்னு எழுதுற மாதிரி இருக்கு டீச்சர்" என்றாள். எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதை விக்ரம் சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை, வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஒங்க பேரச் சொல்லியே கேட்டிருக்காங்க ஷர்லி. நீங்க மாட்டேன்னா கான்ட்ராக்ட் போயிடும். போச்சுன்னா ஆறு பேர வச்சு நான் நடத்த முடியாது. மொதல்ல ஒங்களத்தான் நிறுத்த வேண்டியிருக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். அதுவரை ஊருக்கே கேட்கிற மாதிரி அந்த விளையாட்டைத் திட்டிக்கொண்டிருந்தவள் நான். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஒன் தம்பி கரையில இருக்கணுமா, வேணாமா? கம்ப்யூட்டர்ல எழுதுற ஒரு வரியில யாருக்கு என்ன கொறையப்போகுது? கண்ண மூடிக்கிட்டு எழுதிக் குடுத்துரு."

நானேதான் சொன்னேன். இப்போது நினைத்தால் என்னை நானே நாலு அறை விடலாம் போல இருக்கிறது.

எழுதினாள். 'எல்லை மீறிய படகு பிடிபட்டது. உங்கள் நாட்டின் புகழ் உயர்ந்தது.' சுத்தமான தமிழ், திருத்த ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கையெழுத்துப் போட்டாள். விக்ரம் எல்லோருக்கும் மைசூர்பாக் வாங்கித் தந்தார். அவள் வேலையை நிரந்தரமாக்குவதாகவும் சொன்னார். அப்பாடா, இன்னும் மூன்று வருஷத்துக்கு அவன் கரையில்தான் என்று நானும் நிம்மதியாக மைசூர்பாக் தின்றேன்.

மறுநாள் சனிக்கிழமை. புதுக்கோட்டையில் தங்கி வேலை பார்க்கிறவள், வாரக் கடைசியில் வழக்கம்போல ஊருக்குப் போனாள், லேப்டாப்பும் கூடப் போனது. அங்கே ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அவள் பிறகுதான் சொன்னாள். கோயில் முடிந்து வந்து, ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டு, ஜெபக்குமார் அந்த விளையாட்டைப் போடச் சொன்னான். இவ்வளவு நாள் அக்கா என்ன வேலை பார்க்கிறாள் என்று அவன் பார்த்ததே இல்லை. இவளுக்கும் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்கவில்லை. கடல் வரைபடத்தைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தோஷம். எந்த மாதம் எந்தக் காற்று என்று அவனுக்குத் தெரியும், அதனால் நன்றாகவே ஆடினான். அரை மணி நேரத்தில் புயல் வந்தது. அவன் படகு ஒன்று நகர்ந்து நகர்ந்து அந்தப் பக்கம் போனது.

மேளம் கொட்டியது. பக்கத்து நாட்டுக்குப் புகழ் ஏறியது. அந்த நாட்டுக்குச் சொல்கிற அந்த வரி இவன் திரையிலும் வந்தது.

"இந்தத் தமிழ் யாரு எழுதுனதுக்கா?" என்று கேட்டான்.

நான் இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பொய் வராது. "நான்தான்" என்றாள்.

அவன் லேப்டாப்பை மூடினான். பிறகு சொன்னான்: "அங்க எங்ககிட்ட ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்குனாங்க. அதுவும் இந்த மாதிரிதான் இருந்திருக்கும். ஆனா அது படிக்கத் தெரியாத எழுத்து. நீ தமிழ்ல எழுதியிருக்க." எழுந்து வெளியே போனான். வாசலில் நின்று திரும்பி, "இந்தக் காசுலயாக்கா ரெண்டு வருசமா நான் ஒக்காந்து திங்கிறேன்?" என்றான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்றாள் ஷர்லி.

திங்கட்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து ஆபீஸுக்கு வந்துவிட்டாள். பத்து மணிக்குப் போன் போட்டாள். மெஷின் சத்தம் கேட்டது, பேசியது ஐஸ் கம்பெனிக்காரர். "ஜெபக்குமார் இன்னைக்கு வரலியேம்மா." அடுத்து அம்மாவுக்குப் போட்டாள். அந்த அம்மா அழுதது பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது. "ஒன் பஸ்ஸு கெளம்புனதும் பைய எடுத்துட்டான்டி. பிச்சை சித்தப்பா படகுல ஏறிட்டான். நான் குறுக்க விழுந்து பாத்தேன், கேக்கல."

ஷர்லி நின்றபடியே கம்ப்யூட்டரைத் திறந்தாள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. டைப் அடித்தாள். 'நான் அந்தப் படகுகளைப் பிடிக்கவில்லை. காப்பாற்றினேன். உங்கள் விளையாட்டு அதைத் தவறாகப் படித்தது. என் பெயரை எடுத்துவிடுங்கள். நான் எழுதிய வரியையும் எடுத்துவிடுங்கள். என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன்.'

விக்ரம் ஓடி வந்தார். "ஷர்லி, அனுப்பாதீங்க. அனுப்புனா எல்லாம் போச்சு. அப்புறம் ஒங்கள வச்சுக்க முடியாது."

"தெரியும் சார். அதுக்குத்தான் அனுப்புறேன். நான் இந்த வேலையில இருக்குற வரைக்கும் அவன் திரும்ப மாட்டான்."

அனுப்பிவிட்டாள். கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். உடனே படகு ஓனர் பிச்சைக்குப் போன் போட்டாள். அவர் வீட்டில் வயர்லெஸ் உண்டு, படகோடு பேசலாம். "சித்தப்பா, அவன்கிட்டச் சொல்லுங்க. அக்கா வேலைய விட்டுட்டா, திரும்பி வரச் சொல்றான்னு சொல்லுங்க."

கொஞ்ச நேரத்தில் பிச்சை திரும்பக் கூப்பிட்டார். "நீ சும்மா சொல்றேங்கிறாம்மா."

நான் போனைப் பிடுங்கினேன். "அய்யா, நான் கூட வேலை பாக்குற திலகவதி டீச்சர் பேசுறேன். விட்டுட்டா, என் கண்ணு முன்னாடி விட்டுட்டா. கார்டக் கழட்டிக் குடுத்துட்டா. அந்தக் கழுதைகிட்டச் சொல்லுங்க, டீச்சர் பொய் சொல்ல மாட்டாங்கன்னு."

அதன் பிறகு முக்கால் மணி நேரம் எந்தப் பதிலும் இல்லை. அந்த முக்கால் மணியை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது. கோடு எங்கே இருக்கிறது, படகு இந்நேரம் எங்கே இருக்கும் என்று ஷர்லியைக் கேட்டுக் கேட்டு அவளை இன்னும் பயமுறுத்தினேன். அவள் உட்காரவே இல்லை. போனைக் கீழே வைக்கவும் இல்லை. கடைசியில் பிச்சை கூப்பிட்டார். வேறொரு படகு வலை கிழிந்து பாதியில் திரும்புகிறதாம், அதில் ஜெபக்குமாரை ஏற்றிவிட்டிருக்கிறார்களாம்.

விக்ரம்தான் காரை எடுத்தார். வேலையில் வைத்துக்கொள்ள முடியாது என்று சொன்ன அதே ஆள் அறந்தாங்கி வழியாக எழுபது கிலோமீட்டர் ஓட்டினார். வழியெல்லாம் நான் மனதுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன்.

துறைமுகத்தில் மூன்றரை மணி வரை நின்றோம். தூரத்தில் ஒரு படகு தெரியும்போதெல்லாம் ஷர்லி என் கையைப் பிடிப்பாள், அது இல்லை என்று தெரிந்ததும் விடுவாள். என் மணிக்கட்டில் அவள் நகம் பதிந்த தடம் நாலு நாள் இருந்தது. கடைசியில் அந்தப் படகு வந்தது. ஜெபக்குமார் முன்பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

இறங்கியதும் முதலில் கேட்டது, "நெசமாவே விட்டுட்டியா?"

"நெசமாத்தான்டா."

அவள் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான். "அப்படிப் பேசியிருக்கக் கூடாதுக்கா" என்றான். "நீ எழுதிட்டேன்னு தாங்க முடியல." எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. விக்ரம் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆளைப் பிடித்துக் கரையில் போட்டாயிற்று, இனி என்ன என்று நினைத்தேன்.

அவன் நனைந்த கைலியைப் பிழிந்தான். சாதாரணமாகத்தான் சொன்னான்: "அப்ப புதன்கிழமை நான் போகணும்."

"எங்க போகணும்?" என்று கத்தினேன் நான். "இப்பத்தானடா இறங்குன!"

"பேச்சு அதுதான டீச்சர். அக்காவுக்கு வேலை இருந்தா நான் கரையில. இல்லேன்னா தடுக்கக் கூடாது. ஐஸ் ஒடைக்கிற கூலியில மூணு பேரு எப்படிச் சாப்புடுறது?" வீம்புக்காக அவன் சொல்லவில்லை. குற்றம் சொல்லவும் இல்லை. மளிகைக் கடையில் என்ன வாங்க வேண்டும் என்று சொல்கிற மாதிரி சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் கத்தினேன். வேறு வேலை பார்த்துத் தருகிறேன் என்றேன். என் அண்ணனிடம் சொல்லி வல்லத்திராக்கோட்டையில் வயலில் வேலை வாங்கித் தருகிறேன் என்றேன். "நாத்து நடத் தெரியாது டீச்சர் எனக்கு" என்று சிரித்தான். விக்ரமைப் பார்த்தேன். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஷர்லி சண்டை போடுவாள் என்று நினைத்தேன். காலில் விழுவாள், அம்மாவைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டிரைவரு யாரு?" என்று கேட்டாள்.

"மரியசெல்வம் அண்ணன்."

"அவரு ரொம்பத் தூரம் போறவராச்சே."

"ம்" என்றான் அவன்.

நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். செவ்வாய்க்கிழமை முழுக்க நான் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் போன் போட்டு வேலை கேட்டேன். பார்க்கலாம், சொல்கிறோம், அடுத்த மாசம் வரட்டும் என்றார்கள். அடுத்த மாசத்துக்குள் பன்னிரண்டு தடவை படகு கிளம்பிவிடும் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? வெளிநாட்டுக் கம்பெனி விக்ரமுக்குப் பதில் எழுதியிருந்தது. ஷர்லியின் பெயரை எடுத்துவிட்டார்களாம். கரையோரக் காவல் அப்படியேதான் இருக்குமாம், தமிழ் வரி நன்றாக இருப்பதால் அதையும் மாற்றவில்லையாம்.

புதன்கிழமை விடிந்ததும் ஷர்லிக்குப் போன் செய்தேன். கொஞ்சம் பொறுக்கச் சொல், நாளைக்கே யாராவது கூப்பிடலாம் என்று சொல்வதற்காக.

"டோக்கன் வாங்கிட்டான் டீச்சர்" என்றாள். "சோறு கட்டிக்கிட்டு இருக்கேன்."

"ஒரு நாளைக்கு உள்ளதுதானே கட்டுற?" என்று எதையோ கேட்டுவைத்தேன்.

"ஒரு நாளைக்குத்தான்." பக்கத்தில் அவன் இருந்தான் போலிருக்கிறது, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பைக்கு அடியில ஒரு பேப்பர் வச்சிருக்கேன் டீச்சர். போன தடவ அங்க அவனுக்காகப் பேசுன வக்கீலோட நம்பரு. அவன்கிட்டச் சொல்லல."